திரைச்சீலை, ஒன்று

செவ்வாய்தோறும் கறுப்புப் பையில் வரும்.
ரசீதில் 'திரைச்சீலை, ஒன்று' என்று எழுதுவேன்.
அவள் மறுத்ததில்லை.
எந்தத் திரைச்சீலைக்கு முழங்கால் உண்டு,
எந்தத் திரைச்சீலை தோளில் கருகி வரும்
என்று நானும் கேட்டதில்லை.

வால்பரைசோவில் சலவைக்கடை நடத்துபவளுக்கு
வாயைவிடக் கண் பெரிது.
கையுறைக்குள் மீன் செதில்.
கழுத்துப்பட்டியில் உப்பு;
கடலுடையதா உடம்புடையதா என்று
துணிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஊர் அவளைக் கூழைக்கடா என்கிறது.
கம்பி அறுந்த மலைரயில் பெட்டியை
முதுகில் தாங்கி நின்றவள்.
எரியும் குன்றிலிருந்து ஒரு கிழவரைக்
கட்டிலோடு தூக்கிப் பறந்தவள்.
சுவருக்குச் சுவர் அவள் ஓவியம்:
ஆறடி உயரம், பொன்னிறக் கூந்தல்.
அந்தச் சுவர்களைத் தாண்டித்தான்
நொவேலியா கிலோத்ரான்
விடியுமுன் மீன்துறைக்கு நடக்கிறாள்,
ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக,
ரப்பர் பூட்ஸில்.

மார்ச்சில் நகரமன்றம் கேட்டது:
முகமூடிக்குள் யார் என்றறிய
மக்களுக்கு உரிமை உண்டா, இல்லையா?
ஞாயிறன்று வாக்கெடுப்பு.

இஸ்திரி ஆவிக்கு நடுவில்
என் கடையில் எல்லோரும் வழக்கறிஞர்கள்.
'நல்லது செய்கிறவள் ஏன் ஒளிய வேண்டும்?'
என்றாள் மருந்துக்கடை ஓர்த்தென்சியா.
'பெயர் தெரிந்தால்
முதல் நாள் வாசலில் பூங்கொத்து,
மூன்றாம் நாள் ஜன்னலில் கல்'
என்றான் டாக்சி ஓட்டும் ரெமிஹியோ.
நான் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி
யாருடைய பாவாடைக்கோ ஓரம் மடித்தேன்.
பேசாதிருக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

எவரிஸ்தோ மன்சில்லா மட்டும் வாதாடவில்லை.
'அன்றிரவு அவள் இடப்பக்கப் படிகளில் ஏறினாள்.
ஏழு பேர் பிழைத்தார்கள்.
என் மகள் வலப்பக்கம் இருந்தாள்.
குற்றம் சொல்லவில்லை.
தீயணைப்புக்காரர் மேல் எழுத ஒரு ஜன்னல் இருக்கிறது,
மருத்துவர் மேல் எழுத ஒரு படிவம்.
முகமூடியிடம் கேட்க
நான் எந்தக் கதவைத் தட்டுவது?'

அதுவரை குண்டூசிகள் என்னைக் குத்தியதில்லை.

ஞாயிறன்று பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை.
என் முறை வந்தது.
திரையை இழுத்து மூடிக்கொண்டு,
ஒருவர் கண்ணிலும் படாமல்,
இன்னொருத்தியின் திரையை விலக்கலாமா என்று
பென்சிலைப் பிடித்து நின்றேன்.
வெளியே யாரோ செருமினார்கள்.
இன்னும் நின்றேன்.

முந்நூற்றுச் சொச்சம் வாக்குகளில்
'வேண்டாம்' வென்றது.
அதில் என்னுடையது உண்டா என்று கேட்காதீர்கள்.

செவ்வாய். மழை.
எவரிஸ்தோ கறுப்புக் கோட்டை வாங்க வந்திருந்தார்;
மறுநாள் மகளுக்கு ஆண்டுப் பூசை.
பின்னால் அவள், பையோடு.
மீன் வாடைக்குத் திரும்பியவர்
'மெர்லூசா இன்று என்ன விலை?' என்றார்,
ஏதாவது பேச வேண்டுமே என்று.

அவள் விலை சொல்லவில்லை.
முடிச்சை அவிழ்த்தாள்.
கருகிய தோளை என் மேசைமேல் விரித்தாள்.
'இடப்பக்கம் அலறினார்கள்.
வலப்பக்கம் ஒரு இருமல் கேட்டது.
நான் அலறல் இருந்த பக்கம் போனேன்.
என் பெயர் நொவேலியா.
மூன்றாம் எண் கடை.
காலை ஐந்து மணியிலிருந்து இருப்பேன்.'

சலவை இயந்திரம் தன் சுற்றை முடித்து
நிற்கும்வரை அவர் பேசவில்லை.
பிறகு கோட்டுக்கான காசை எண்ணி வைத்தார்,
சில்லறை பிசகாமல்.

நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
வேறென்ன எழுத?
'திரைச்சீலை, ஒன்று.'

வெள்ளிதோறும் அந்தக் கடைக்குப் போகிறாராம்.
வணக்கம் கிடையாது. ஒரே ஒரு மெர்லூசா.
தராசின் முள் ஆடி அடங்கும்வரை
கண் கொட்டாமல் பார்ப்பாராம்.
அவளும்
தட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு
ஓரடி பின்வாங்கி
பார்க்க விடுகிறாளாம்.